வீறு வந்தால் எழும்பும் விரல்

கொட்டாஞ்சேனை,
14 ஜனவரி 2024

இயேசு மரி சூசை துணை.

அழகும் அறிவும் அவுஸ்திரேலியக் குடியுரிமையும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற மருமகள் சாமினிக்கு,

கொட்டாஞ்சேனைச் சாம்ராச்சியம் நலம். மாதா கோயில் மணி நலம், கீழ்மாடிப் பூனை நலம், மீன்காரனின் தொண்டை மிகமிக நலம். உன் மாமனாகிய ஹியூபேட் இரண்டு மணிக்கட்டு வரைக்கும் நலம். அதற்கப்பால் யுத்தம் நடக்கிறது. உன்னுடைய, உன் கணவருடைய, சின்னதுகள் இரண்டினுடைய சுகத்தை உடனே எழுது.

யுத்தத்தைக் கேள். காலையில் எழும்பினால் என் கைகளில் இருப்பவை என் விரல்கள் அல்ல. நான் நித்திரையாய்க் கிடக்கையில் எவனோ அவற்றைக் கழற்றிக்கொண்டு போய், பேக்கரியில் மிஞ்சிய, ஊதிப் பருத்த பணிசுகளைப் பொருத்திவிட்டுப் போயிருக்கிறான். முட்டிகள் துறைமுகத்தில் வரிசைகட்டிய கப்பல்கள். சேர்ட்டின் முதற் பொத்தானைப் பூட்டுவதற்குள் முதற் பூசை முடிகிறது. கடைசிப் பொத்தானுக்கு வரும்போது சுவாமியார் மத்தியானச் சாப்பாட்டில் இருக்கிறார். இனிச் சேர்ட் இல்லாமல் வெறும் சாரத்தோடுதான் ஆண்டவரைத் தரிசிப்பதென்று தீர்மானித்திருக்கிறேன். அவரும் மாட்டுத்தொழுவத்தில் துணி சுற்றிப் பிறந்தவர்தானே, கோவிக்கமாட்டார்.

கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்து, ருமற்றொயிட் ஆத்ரைற்றிஸ் என்று பெயர் சொன்னார்கள். கேட்டவுடன் எழும்பி நின்று வணக்கம் சொல்ல வேண்டும்போல ஒரு பெயர். வாரத்துக்கு ஒருநாள் விழுங்க ஒரு குளிசையும் தந்தார்கள்.

நோயைப் பற்றி அழ இதை எழுதவில்லை. உன்னிடம் ஒரு சத்தியம் வேண்டும். உன் அப்பாவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே.

நீ நூறு தரம் கேட்ட கதையை நூற்றியோராம் தரம் சொல்கிறேன். மெற்றில்டாக்கா ஒரு சைவக்காரனைக் கட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனபோது எங்கள் வீட்டில் கறுப்புத் துணி கட்டாத குறை. உன் அம்மாவைப் பார்க்க ஒருவரும் போகவில்லை. நான் மட்டும் ஒரு விளையாட்டுக் கடதாசிக் கட்டோடு போனேன். கதவைத் திறந்த உன் அப்பா, "என்ன, சண்டைக்கோ?" என்றார். "இல்லை அத்தான், முந்நூற்றிநாலு விளையாட" என்றேன். அன்றுதொட்டு நானும் அவரும் ஒரே சோடி. அக்கா மோட்சம் போனபிறகும் ஒவ்வொரு ஞாயிறும் வெள்ளவத்தைக் கடற்காற்றுக் கழகத்து மேசையில் அவருக்கு எதிர்க் கதிரை என்னுடையது. எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று மிஞ்சியிருப்பதே அந்தக் கதிரையால்தான்.

ஓகஸ்ட்டில் கழகத்தின் பெரிய போட்டி. உன் அப்பாவின் குணம் உனக்குத் தெரியும். சலூன்காரன் மூக்குக்கண்ணாடி போட்ட அன்றே சலூனை மாற்றியவர். பழுதானதைத் திருத்துகிற ஆள் அல்ல, மாற்றுகிற ஆள். என் கை பழுது என்று அறிந்தால் என்ன செய்வாரென்று நான் எழுதத் தேவையில்லை.

வட்ஸ்அப்பில் கதைக்கலாமே என்பாய். இந்தத் தொடர்மாடியில் நான் தும்மினால் மேல்மாடியில் செபமாலை தொடங்கும். ஆகவே கடிதம். கை நோகிறது என்று எழுதுவதற்கே கை நோகிறது, நிறுத்துகிறேன்.

ஆசீர்வாதங்களுடன்,
பணிசுவிரல் பிரபு,
ஹியூபேட் மாமா


மெல்பேண்,
6 பெப்ரவரி 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். இங்கே வெயில் கொளுத்துகிறது. பிள்ளைகள் பாடசாலை தொடங்கிவிட்டார்கள். உங்கள் கடிதத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன், சின்னவன் பணிசு கேட்டு அழுதான்.

மாமா, பகிடியை ஒரு பக்கம் வையுங்கள். நான் கையைத் திருத்துகிற வேலை செய்கிறவள் என்பதை மறந்துபோனீர்களா? நாள் முழுக்க நான் பிடித்துக்கொண்டிருப்பது இந்த வருத்தக்காரரின் விரல்களைத்தான். எனக்கு நேரான பதில் வேண்டும். இரண்டு கையிலும் ஒரே மாதிரியா வீக்கம்? எந்த மூட்டுகள்? கை மடக்கும்போது புடைக்கிற முட்டிகளா, விரலின் நடு மூட்டுகளா, நகத்துக்குக் கிட்ட உள்ளவையா? காலையில் அந்த விறைப்பு இளக எவ்வளவு நேரம் எடுக்கிறது?

இது தேய்மானம் இல்லை மாமா. உடம்பைக் காக்க வேண்டிய காவற்படை ஆள் மாறி, மூட்டைச் சுற்றியிருக்கிற மெல்லிய சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடிக்கிறது. கவனிக்காமல் விட்டால் எலும்பையும் அரித்து, விரல்களைக் கட்டியிருக்கிற நார்களையும் இளக்கிவிடும். பிறகு விரல்கள் எல்லாம் சின்னிவிரல் பக்கம் சாயத் தொடங்கும். மருந்து ஒழுங்காக எடுத்தால் தடுக்கலாம். அந்தக் குளிசை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தவறுதலாக ஒவ்வொரு நாளும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து விளையாட வேண்டாம்.

கையை இரவில் நேராக வைத்திருக்க ஒரு பட்டை செய்து அனுப்புகிறேன்.

அப்பாவுக்கு நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நம்புங்கள்.

உங்கள் உடம்பைக் கவனியுங்கள்.
அன்பு மருமகள்,
சாமினி


கொட்டாஞ்சேனை,
10 மார்ச் 2024

இயேசு மரி சூசை துணை.

தென்துருவத்துக்கு அண்மையில் கொலுவீற்றிருக்கும் வைத்திய சிகாமணிக்கு,

நலம். உங்கள் நலமறிய இங்கே கடற்காகங்கள்கூட ஆவலாய் இருக்கின்றன.

நீதிபதி கேட்டதற்கு எதிரியின் வாக்குமூலம்: இரண்டு கையும் ஒரே மாதிரி. வலக்கையில் எது வீங்குகிறதோ, பொறாமையில் இடக்கையில் அதுவே வீங்குகிறது. பெரிய முட்டிகளும் நடு மூட்டுகளும் பிடிபட்டுவிட்டன. நகத்தருகே உள்ளவை மட்டும் சுவிற்சர்லாந்து, யுத்தத்தில் சேரவில்லை. விறைப்பு இளக எடுக்கும் நேரத்தில் ஒரு யானை கண்டிப் பெரஹரா ஊர்வலத்தை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடும். குளிசையை ஞாயிறு தவிர வேறு நாளில் தொடுவதில்லை. பூசையும் குளிசையும் ஒரே நாள், எதை மறந்தாலும் பாவம்.

பட்டை வந்து சேர்ந்தது. அணிந்து கண்ணாடியில் பார்த்தேன். பாதிக் கவசம் பூண்ட பறங்கித் தளபதி. ஒரு ஞாயிறு அதைக் கழற்ற மறந்து அப்படியே வெள்ளவத்தைக்குப் போய்விட்டேன். உன் அப்பா பார்த்தார். "நூறாம் நம்பர் பஸ் கதவுக்குள்ள கை அகப்பட்டுப் போச்சு அத்தான்" என்றேன். "பஸ்சுக்கு ஏதும் சேதமோ?" என்றார். அவ்வளவுதான். ஆண்டவரே, என்ன அப்பாவி மனிதர்!

இன்னொரு புதினம். உனக்கு மட்டும் சொல்கிறேன். என் வலக்கைச் சுட்டுவிரல் சுயாட்சி கேட்கிறது. மற்ற விரல்கள் எப்படியோ கடதாசியைப் பிடிக்கின்றன. இது மடங்காது. அதிலும் வீறு கைக்கு வந்தால் கேட்கவே வேண்டாம். (உன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு: மற்ற விளையாட்டுகளில் ராசாவுக்கும் ராணிக்கும் கீழே நிற்கிற ஜக், முந்நூற்றிநாலில் எல்லோருக்கும் மேலே. அவன்தான் வீறு.) வீறைக் கண்ட சந்தோசத்தில் கையை இறுக்குவேன், இறுக்கினால் நோகும், நொந்தால் சுட்டுவிரல் கொடிக்கம்பம்போல எழும்பி நிற்கும்.

ஆனாலும் கடந்த சில வாரங்களாக எங்கள் சோடியை அசைக்க ஆளில்லை. எதிரில் கொன்ஸ்ரன்ரைனும் பலீலும் அழாத குறை. உன் அப்பா இந்த வயதில் ஞானதிருட்டி பெற்றுவிட்டார். நான் வாய் திறக்குமுன் என் கையில் வீறு இருப்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது! "எப்பிடி அத்தான்?" என்று கேட்டேன். "பழக்கம்" என்றார். சோடி என்றால் இதல்லவோ சோடி.

ஓகஸ்ட்டில் கிண்ணத்தோடு படம் எடுத்து அனுப்புவேன். விரல்கள் படத்துக்கு வெளியே இருக்கும்.

ஆசிகளுடன்,
தளபதி ஹியூபேட்


மெல்பேண்,
9 ஏப்ரல் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமாய் இருப்பீர்கள் என நம்புகிறேன். நாங்கள் சுகம். உங்களுக்குப் புதுவருட வாழ்த்து. இந்த முறையும் உங்கள் அல்லேலூயா இல்லாமல் எங்கள் ஈஸ்டர் முடிந்துபோனது.

நீங்கள் எழுதியவற்றைப் பார்க்கப் பயமாய் இருக்கிறது. அந்தச் சுட்டுவிரலைக் கிளினிக்கில் காட்டினீர்களா? பாரமான எதையும் விரல் நுனியால் தூக்க வேண்டாம், உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்குங்கள். போன ஞாயிறு தேத்தண்ணிக் கோப்பை கைதவறிச் சுடுதண்ணி காலில் கொட்டியதாமே, இனி இரண்டு கைகளாலும் பிடியுங்கள்.

கடதாசியைக் குத்தி நிறுத்தி வைக்க மரத்தில் ஒரு தாங்கி இருக்கிறது. அனுப்பவா? எத்தனையோ பேர் இங்கே வெட்கமில்லாமல் அதை வைத்து விளையாடுகிறார்கள். போட்டியைப் பற்றி நிறைய யோசிக்க வேண்டாம் மாமா. ஒரு வருடம் விட்டால் என்ன?

அன்புடன்,
சாமினி


கொட்டாஞ்சேனை,
16 ஜூன் 2024

இயேசு மரி சூசை துணை.

அன்புள்ள மருமகளுக்கு,

சுகம். கால் புண் ஆறிவிட்டது. கோப்பை விழுந்த கதையை நான் உனக்கு எழுதிய ஞாபகம் இல்லை, ஆனால் வயது போனால் கையைப்போலத் தலையும் வீங்கும், எழுதியிருப்பேன்.

மரத் தாங்கியை அனுப்பாதே. போன வருடம் கழகத்தில் ஒருவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. "பாவம், கஷ்டப்படாதேங்கோ" என்று அன்பாகச் சொல்லி, புள்ளி எழுதுகிற மூலைக் கதிரையில் இருத்தினார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறார். அனுதாபத்தால் இருத்தப்பட்டவனை எழுப்ப எந்தப் பேராயராலும் முடியாது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உன் மாமன் இப்போது கொழும்பு மாநகரின் புகழ்பெற்ற கள்ளன்.

போன ஞாயிறு. கொன்ஸ்ரன்ரைன் கடதாசியைக் கவிழ்த்து வைத்தான். இவன் சுங்கத்தில் இருந்து இளைப்பாறியவன், கப்பலின் அடிவயிற்றில் ஒளித்த தங்கத்தை வாசத்தால் பிடித்தவன் என்று தானே சொல்லிக்கொள்பவன்.

"ஹியூபேட், அந்த விரலை மடக்கும்."

"எந்த விரல்?"

"வீறு வந்தா எழும்புற விரல்."

பலீல் சிரித்தான். "என்ன மச்சான், விரலுக்கும் கஸ்டம்ஸ் டியூட்டியா?"

"சிரியாதே பலீல். மாசக் கணக்கா ரெண்டு பேரும் எங்களை மொட்டை அடிக்கினம். இப்பவும் ஹியூபேட்டின்ர கையில வீறு இருக்கு. வையும் பாப்பம் மேசையில."

வைத்தேன். ஸ்கோப்பன் சாதி வீறு, கறுத்த மீசையை முறுக்கிக்கொண்டு மேசையில் மல்லாந்து கிடந்தான். பக்கத்து மேசைக்காரர் எழும்பி வந்துவிட்டார்கள்.

நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் கடதாசிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். முடிந்துபோன ஆட்டத்துக்கு என்ன அடுக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

அப்போது என் மூளை என் உடம்பில் வீங்காத ஒரே உறுப்பாக வேலை செய்தது. உண்மையைச் சொன்னால் நான் நோயாளி, ஆயுள் முழுக்க மூலைக் கதிரை. பொய் சொன்னால் கள்ளன். கழகத்துச் சட்டப்படி சைகை காட்டியவனுக்கு ஆறு கிழமைத் தடைதான். ஓகஸ்ட்டுக்கு முன் முடிந்துவிடும். எழும்பி நின்றேன். மார்பில் கை வைத்தேன். மேடை நாடகத்தில் ஏரோதுக்குக்கூட அப்படி ஒரு குரல் வந்திராது.

"ஓம். நான்தான் காட்டினனான். அத்தானுக்கு ஒண்டும் தெரியாது. அவர் சுத்தம். பழி முழுக்க என்ர தலையில."

சபை அதிர்ந்தது. உன் அப்பா கடதாசிக் கட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, "ஹியூபேட், இது சரியில்லை" என்றார். என்னோடு பஸ் தரிப்பு வரைக்கும் வருகிறவர், அன்று வரவில்லை.

கோவமாய் இருப்பார். கள்ளனுக்கு மைத்துனராய் இருப்பது லேசான காரியமா? ஆறு கிழமையில் ஆறிவிடும்.

ஒரு சின்னக் கேள்வி. நீ அவரிடம் ஒன்றும் சொல்லவில்லைத்தானே? சும்மா கேட்டேன். உடனே எழுது.

ஆசிகளுடன்,
முன்னாள் தளபதி, இந்நாள் திருடன்,
ஹியூபேட் மாமா


மெல்பேண்,
28 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

பிந்தி எழுதுவதற்கு மன்னியுங்கள். வீடு முழுக்கத் தடிமன் காய்ச்சல், ஒருவர் மாறி ஒருவர். இப்போது சுகம். உங்கள் சுகம் எப்படி?

கடிதத்தை வாசித்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. செய்யாத ஒன்றை ஏன் ஒப்புக்கொண்டீர்கள்? கழகத்துக்கு உங்கள் நோயைப் பற்றி நான் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன். ஒரு நிமிடத்தில் எல்லாம் தெளியும்.

இரத்தப் பரிசோதனை செய்தீர்களா? ஈரல் எப்படி என்று அடிக்கடி பார்க்க வேண்டும். கையைச் சுடுதண்ணியில் வைத்து மெதுவாக மடக்கி விரியுங்கள். மருந்து முழுதாகப் பிடிக்க மாதக் கணக்காகும், பொறுமை வேண்டும்.

அப்பாவோடு கோவிக்க வேண்டாம். அவரும் வயது போன மனிதர்தானே.

அன்புடன்,
சாமினி


கொட்டாஞ்சேனை,
18 ஓகஸ்ட் 2024

இயேசு மரி சூசை துணை.

சாமினிக்கு,

கேட்ட கேள்விக்குப் பதில் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதியிருந்தாய். ஈரல் சுகம்.

தடை முடிந்தும், உன் அப்பா கூப்பிடட்டும் என்று வீட்டிலேயே இருந்தேன். போன கிழமை பலீல் என் வீட்டுக்கு வந்தான். புறக்கோட்டையில் துணிக்கடையைப் பூட்டிவிட்டு, ஒரு பெட்டி மஸ்கட் இனிப்போடு, குருவை நாடி வந்த சீடனைப்போலப் படியேறி வந்தான்.

"மச்சான், அந்த விரல் வித்தையை எனக்கும் சொல்லித் தாங்க."

"என்னத்துக்கடா?"

"எனக்கும் சோடி இல்லத்தானே. நீங்களும் நானும் சேருவம். அவங்க ரெண்டு பேருக்கும் காட்டுவம் ஆரெண்டு."

"எவங்க ரெண்டு பேர்?"

அவன் மஸ்கட்டை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தான். "உங்களுக்குத் தெரியாதா? உங்கட அத்தானும் கொன்ஸ்ரன்ரைனும்தான் போட்டிக்குச் சோடி. மே மாசமே பேர் குடுத்திட்டாங்க. நீங்கதான் விலகினீங்க எண்டு சென்னாங்களே!"

மே மாதம், மருமகளே. என் விரல் மேடையேறியது ஜூனில்.

பலீலை அனுப்பிவிட்டு அடுத்த நாள் பகலில் வெள்ளவத்தைக்குப் போனேன். உன் அப்பா பலகணியில் பேப்பரோடு இருந்தார். எழும்பவில்லை.

"மே மாசம் பேர் குடுத்தனீங்களாம் அத்தான்."

"இரும் ஹியூபேட்."

"நிக்கிறன்."

"உம்மட கை ஓகஸ்ட்டுக்குச் சரிவராதாம். நான் என்ன செய்யிறது?"

"ஆர் சொன்னது?"

"சாமினிதான். பெப்ரவரியில போன் எடுத்துச் சொன்னவள். பாத்துக்கொள்ளச் சொன்னவள்."

"விரலும் அவள்தான் சொன்னவளோ?"

பேப்பரை மடித்தார். அவருடைய விரல்கள் என்ன அழகாக மடங்குகின்றன! "அது... கதையோட கதையாச் சொன்னவள். அதுக்குப் பிறகுதான் நானும் கவனிச்சனான்."

அவருடைய ஞானதிருட்டி அங்கேயிருந்து வந்ததாம். விரலைப் பற்றி நான் உனக்கு எழுதியதே மார்ச்சில், அதற்கு முன்பே அவருக்குத் திருட்டி வந்துவிட்டது.

"அப்ப அண்டைக்குக் கொன்ஸ்ரன்ரைன் என்னைக் கள்ளன் எண்டேக்க, உங்களுக்குத் தெரியும்."

"நீர்தானே எழும்பி நிண்டு ஒப்புக்கொண்டீர்."

"உங்களுக்குத் தெரியும்."

"நான் வாய் திறந்தால், தெரிஞ்சுகொண்டு இவ்வளவு நாளும் ஏன் விளையாடினீர் எண்டு என்னையல்லோ கேப்பாங்கள்? அதோட, பேரை மாத்தினதை உமக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு எனக்கும் தெரியேல்லை. நீரே கள்ளன் எண்டு சொன்னது ஒருவிதத்தில வசதியாப் போச்சு."

வசதி. மெற்றில்டாக்காவின் புருசன் சொன்ன சொல். அக்காவின் படம் அவருக்குப் பின்னால் சுவரில் இருந்தது. நான் அதைப் பார்க்காமல் இறங்கி வந்தேன்.

இப்போது உனக்கு என் கேள்வியை மாற்றுகிறேன். சொன்னாயா என்று கேட்கவில்லை. சொல்லமாட்டேன், நம்புங்கள் என்று எழுதிய அந்தக் கையால், எத்தனையாம் நாள் தொலைபேசியை எடுத்தாய்?

ஹியூபேட்


மெல்பேண்,
1 செப்ரெம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம் கேட்க எனக்கு இப்போது முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அன்றைக்கே எடுத்தேன். உங்களுக்கு எழுதிய கடிதத்தை ஒட்டித் தபாலில் போட்டுவிட்டு வந்து, வீட்டுக்குள் நுழைந்தவுடனேயே அப்பாவுக்கு எடுத்தேன். அந்தக் குளிசையை நாளாந்தம் எடுத்துச் செத்துப்போனவர்களைப் பற்றி நான் படித்திருக்கிறேன் மாமா. நீங்கள் தனிய இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களைப் பார்க்கிற ஒரே ஆள் அப்பா. யாரிடம் சொல்வது? நீங்கள் உயிரோடு இருப்பதா, நான் சத்தியம் காப்பதா என்றால் நான் திரும்பவும் போனைத்தான் எடுப்பேன்.

அதில் மட்டும் நான் பிழை என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

மற்றது வேறு. அப்பா ஏப்ரலில் கேட்டார், "ஓகஸ்ட்டில ஹியூபேட்டின்ர கை எப்பிடியிருக்கும்?" என்று. உங்கள் மேல் அக்கறை என்றுதான் நினைத்தேன். இங்கே என்னிடம் வருகிறவர்களின் வீட்டார் கேட்டால் சொல்கிற பதிலைச் சொன்னேன். "கஷ்டம் அப்பா, அதுக்கிடையில சரிவராது" என்றேன். உங்கள் கையை நான் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. விரல் எழும்புவதைப் பகிடியாகச் சொன்னேன். நீங்கள் எழுதியிருந்த விதம் அப்படி, சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

ஜூனில் நீங்கள் கேட்டபோது உண்மையை எழுத மூன்று தரம் இருந்து, கிழித்துப் போட்டேன். அதுதான் காய்ச்சல்.

அப்பா இப்போது என் அழைப்பை எடுக்கிறார் இல்லை. நீங்களாவது எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

சாமினி


கொட்டாஞ்சேனை,
6 ஒக்ரோபர் 2024

அன்புள்ள சாமினிக்கு,

கடிதம் கிடைத்தது. உமக்கும் குடும்பத்துக்கும் ஆண்டவர் நல்ல சுகத்தைத் தருவாராக.

திட்டச் சொல்லியிருந்தீர். குளிசைக்காகச் சொன்னதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நோயாளியின் உயிரைக் காப்பது உமது தொழில். நான் எழுதியது என் மருமகளுக்கு. அது உமது தொழிலிடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. முகவரிப் பிழை என்று வைத்துக்கொள்வோம்.

உமது கணிப்பைப் பற்றி ஒரு தகவல், உமது தொழிலுக்கு உதவும். மருந்து பிடித்துவிட்டது. ஓகஸ்ட் கடைசியில் போட்டி நடந்த ஞாயிறு காலை எழும்பினேன், சேர்ட் பொத்தான் எல்லாவற்றையும் பூட்டி முதற் பூசைக்கு நேரத்துக்குப் போனேன். சுட்டுவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்து மடங்கியது. வீட்டுக்கு வந்து கடதாசிக் கட்டை எடுத்து ஒரு கைக்குரியதைப் பிரித்துப் பிடித்துப் பார்த்தேன். பிடித்தது. அதற்குள் வீறும் வந்தது. விரல் எழும்பவில்லை. அந்த நேரம் வெள்ளவத்தையில் போட்டி தொடங்கியிருக்கும்.

உமது அப்பாவும் கொன்ஸ்ரன்ரைனும் முதற் சுற்றிலேயே தோற்றார்களாம். பலீல் சொல்லிச் சந்தோசப்பட்டான். எனக்குச் சந்தோசம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

மூன்று கிழமைக்கு முன் உமது அப்பா இங்கே வந்தார். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். நான் கோப்பையைப் பிடித்த விதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கை நல்லாயிட்டுதுபோல."

"ஓம்."

"ஹியூபேட், வாற ஞாயிறு கழகத்துக்கு வாரும். உமக்கு வருத்தம் எண்டு நானே எல்லாருக்கும் சொல்லுறன். உம்மட பேர் சுத்தமாகும்."

"வேண்டாம் அத்தான்."

"ஏன்?"

"நான் கள்ளன். எழும்பி நிண்டு ஒப்புக்கொண்டனான்."

"விசர்க் கதை கதையாதேயும். அவங்கள் ஒவ்வொரு கிழமையும் உம்மைச் சொல்லிச் சிரிக்கிறாங்கள். கொன்ஸ்ரன்ரைன் விரலை நீட்டிக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறான். எனக்கு அதிலை இருந்து கேக்க ஏலாமக் கிடக்கு."

"கேளுங்கோ. அதிலை இருக்கிறவங்களில, அது பொய் எண்டு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கள்தான். சிரிக்கேக்க நீங்களும் கொஞ்சம் சிரியுங்கோ. இல்லாட்டி அவங்களுக்குச் சந்தேகம் வந்திடும்."

கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். அக்காவுக்காகவாவது என்று ஏதோ தொடங்கினார். அக்காவின் பெயரைச் சொல்ல நான் விடவில்லை. பஸ் தரிப்பு வரைக்கும் கூடப்போனேன், அது பழக்கம். பஸ் வந்தது, ஏறிப் போனார்.

இனி என் கையைப் பற்றி உமக்கு எழுதமாட்டேன். கிளினிக்கில் கெட்டிக்கார டொக்டர் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் சொல்கிறேன். குளிசை ஒழுங்காக எடுப்பேன், அதில் பயப்பட வேண்டாம். பிள்ளைகளுக்கு நத்தார் வாழ்த்து அட்டை வரும்.

உமது அப்பா இரண்டு ஞாயிறாகக் கழகத்துப் பக்கம் போகவில்லையாம். ஏனென்று கேட்டு எனக்கு எழுதாமல் அவரிடமே கேளும். இப்போதைக்கு உமது அழைப்பை எடுக்காவிட்டாலும் ஒருநாள் எடுப்பார், சொல்லுவார். அவருக்குச் சொல்லவும் உம்மைத் தவிர வேறு ஆளில்லை. சொல்லத் தொடங்குமுன், "ஹியூபேட்டுக்குச் சொல்லிப்போடாதை" என்பார்.

அந்தச் சத்தியத்தையாவது காப்பாற்றும்.

இப்படிக்கு,
ஹியூபேட்